எக்ஸெலா, டாப்லோவா, பவர் பிஐயா? குறுக்குவிசைகள் சொல்லும் பதில்

தரவை வரைபடமாக்க எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம் என்று தேடினால் பெரும்பாலும் ஓர் அட்டவணைதான் கிடைக்கும். எதில் எத்தனை வகை சார்ட் இருக்கிறது என்று எண்ணிப் போட்டிருப்பார்கள். முடிவெடுக்க அது உதவாது. பட்டை, கோடு, புள்ளிப் படம் ஆகிய மூன்றே அன்றாட வேலையில் முக்கால்வாசியைச் சமாளித்துவிடும். கோணத்தையும் பரப்பையும் விட, ஒரே அச்சின் மேல் இருக்கும் இடத்தைத்தான் நம் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று புள்ளியியலாளர்களான வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். இந்த மூன்று வகையும் இல்லாத மென்பொருள் இன்று சந்தையில் இல்லை.

வேறுபாடு தெரிவது இரண்டாவது முறை. முதல் சார்ட்டைப் பார்த்தவுடன், "இதையே மாதவாரியாகக் காட்ட முடியுமா?", "அந்த ஒரு பிரிவை விட்டுவிட்டால் எப்படி இருக்கும்?" என்று கேள்விகள் வரும். அடுத்த மாதம் புதுத் தரவு வரும். அப்போது எத்தனை சொடுக்குகள் ஆகின்றன என்பதுதான் கணக்கு. இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு: அந்த மென்பொருளின் குறுக்குவிசைகளை (கீபோர்டு ஷார்ட்கட்டுகளை) பாருங்கள். நீங்கள் எதை அடிக்கடி செய்வீர்கள் என்று அதை உருவாக்கியவர்கள் நினைத்தார்களோ, அதற்குத்தான் விசை வைத்திருப்பார்கள். கீழே சொல்லும் விசைகள் விண்டோஸ் கணினிக்கானவை. மேக்கில் பல இடங்களில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் வரும்.

எக்ஸெல்

தரவுக்குள் எங்காவது கர்சரை வைத்து ஆல்ட் + எஃப்1 அழுத்தினால் அதே ஷீட்டில் சார்ட் வந்து உட்காரும். எஃப்11 அழுத்தினால் தனி ஷீட்டில் வரும். முதல் சார்ட்டுக்கு இதைவிட வேகமான வழி வேறு எதிலும் கிடையாது.

ஆனால் அதற்கு முன் ஒரு விசை அழுத்திப் பழகிக்கொள்ள வேண்டும்: கன்ட்ரோல் + டி (T). தரவை அது டேபிளாக மாற்றிவிடும். அதன்மேல் போட்ட சார்ட், கீழே புதிய வரிசைகள் சேரச் சேரத் தானாகவே நீளும். இதைச் செய்யாதவர்கள் மாதாமாதம் சார்ட்டின் வரம்பைக் கையால் இழுத்துக்கொண்டிருப்பார்கள். எக்ஸெலில் ஒரே ஒரு குறிப்புதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மெல்லிய கோட்டையோ அச்சையோ மவுஸால் பிடிக்க முடியவில்லையா? சார்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அம்புக்குறி விசைகளால் உறுப்பு உறுப்பாக நகரலாம். வேண்டிய இடத்தில் நிறுத்திக் கன்ட்ரோல் + 1 அழுத்தினால் அதற்கான வடிவமைப்புப் பலகை திறக்கும். புதிதாக ஒரு தொடரைச் சேர்க்க மெனு எதுவும் தேவையில்லை. செல்களை நகலெடுத்து, சார்ட்டைச் சொடுக்கி, கன்ட்ரோல் + வி. தலைப்பைத் தேர்ந்தெடுத்துச் சூத்திரப் பட்டையில் சமக்குறி இட்டு ஒரு செல்லைக் காட்டினால், அந்தச் செல் மாறும்போதெல்லாம் தலைப்பும் மாறும். ஒரு சார்ட்டின் நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் இன்னொன்றுக்குக் கொண்டுபோக, அதை நகலெடுத்துப் பேஸ்ட் ஸ்பெஷலில் ஃபார்மட்ஸ் மட்டும் ஒட்டினால் போதும். பல சார்ட்டுகளை வரிசையாக அடுக்கும்போது ஆல்ட்டை அழுத்திக்கொண்டே இழுங்கள். ஓரங்கள் செல்களின் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கோட்டுச் சார்ட் திடீரென்று பூஜ்ஜியத்துக்குச் சரிந்தால், பெரும்பாலும் சூத்திரம் வெற்றுச் சரத்தை (எழுத்து எதுவும் இல்லாத உரையை) தந்திருக்கும். எக்ஸெல் அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் என்ஏ (NA) சார்பைப் போட்டால் சரிவு மறைந்துவிடும்.

எக்ஸெலின் குணம் இங்கே தெரிந்துவிடுகிறது. தனி ஒரு சார்ட்டைச் செதுக்க எல்லா வசதியும் உண்டு. ஆனால் ஒரே தரவைப் பத்துக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்றால் பத்துச் சார்ட்டுகள் தனித்தனியாக நிற்கும். பிவட்டும் (தரவைத் தொகுத்துச் சுருக்கும் அட்டவணை) ஸ்லைசரும் (சொடுக்கி வடிகட்டும் பொத்தான்கள்) ஓரளவு கைகொடுக்கும். ஒரே ஸ்லைசரை ரிப்போர்ட் கனெக்ஷன்ஸ் வழியாகப் பல பிவட்டுகளோடு இணைக்கலாம் என்பது பலர் கண்ணில் படாத வசதி. ஆனாலும் பிவட்டிலிருந்து நேரடியாகப் புள்ளிப் படம் போட முடியாது. ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசை என்ற உச்சவரம்பும் உண்டு. அதைத் தொடுவதற்கு வெகு முன்பே கோப்பு திணற ஆரம்பித்துவிடும் என்பது வேறு விஷயம்.

பெறுபவர் எண்களை மாற்றிப் பார்க்க விரும்புவார், தரவு சில ஆயிரம் வரிசைதான், ஒரு தடவையோடு வேலை முடிந்தது என்றால் எக்ஸெலைவிட்டு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை.

டாப்லோ

டாப்லோ, ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றிலிருந்து கிளைத்து 2003இல் நிறுவனமானது. 2019இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை வாங்கியது. அந்த ஆய்வின் வாசனை இன்னும் போகவில்லை: கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பவருக்காகச் செய்த கருவி இது.

விசைகளைப் பாருங்கள். கன்ட்ரோல் + டபிள்யூ வரிசையையும் நெடுவரிசையையும் இடம் மாற்றும். ஆல்ட் + ஷிஃப்ட் + பேக்ஸ்பேஸ் ஷீட்டையே துடைத்துவிடும். கன்ட்ரோல் + இசட்டை அழுத்திக்கொண்டே தொடக்கம்வரை பின்னோக்கிப் போகலாம். போட்டுப் பார், பிடிக்கவில்லையா, தூக்கிப் போடு என்கிறது மென்பொருள். (கன்ட்ரோல் + டபிள்யூ பழக்கமானவர்கள் உலாவியில் டாப்லோவைத் திறந்து திருத்தும்போது கவனமாக இருக்க வேண்டும். அங்கே அதே விசை டேபை மூடிவிடும்.)

இழுப்பதிலும் மூன்று விதம் உண்டு. சும்மா இழுத்தால் ஃபீல்டு (தரவின் ஒரு நெடுவரிசை) இடம் மாறும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் நகல் உண்டாகும். அச்சில் இருக்கும் அளவை அப்படியே நிறத்துக்கும் கொடுக்க இதுதான் வழி. மவுஸின் வலது பொத்தானால் இழுத்தால், விட்ட இடத்தில் கூட்டலா, சராசரியா, மாதமா, ஆண்டா என்று ஒரு பட்டியல் வரும். தேதி ஃபீல்டுகளோடு மல்லாடுபவர்களுக்கு இந்தக் கடைசி வழி எவ்வளவு நேரம் மிச்சப்படுத்தும் என்பது செய்து பார்த்தால் தெரியும்.

கணக்கீட்டுக்கென்று தனிச் சாளரமும் திறக்க வேண்டியதில்லை. ரோஸ் (வரிசை) அல்லது காலம்ஸ் (நெடுவரிசை) பட்டையின் வெற்றிடத்தில் இருமுறை சொடுக்கி அங்கேயே சூத்திரத்தைத் தட்டச்சு செய்யலாம். விடை பிடித்திருந்தால் அதைப் பிடித்துத் தரவுப் பலகைக்கு இழுத்துப் பெயர் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம், குப்பை சேராது. தரவு பெரிதாகி ஒவ்வொரு இழுப்புக்கும் காத்திருக்க வேண்டி வந்தால் எஃப்10 அழுத்தித் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவையுங்கள். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு மறுபடி அழுத்தினால் ஒரே தடவையில் கணக்கிடும்.

குழிகளும் உண்டு. ஃபிக்ஸ்ட் என்று எழுதும் கணக்கீடு, சாதாரண டைமென்ஷன் ஃபில்டருக்கு (மண்டலம், பொருள் போன்ற பிரிவுகளை வடிகட்டுவதற்கு) முன்பே ஓடிவிடும். ஃபில்டரை மாற்றினாலும் எண் அசையாது. புதிதாக வருபவர்கள் மென்பொருளில்தான் ஏதோ பிழை என்று நினைப்பார்கள். அந்த ஃபில்டரை வலச்சொடுக்கி ஆட் டு கான்டெக்ஸ்ட் கொடுத்தால் சரியாகிவிடும். அப்புறம், டோனட் சார்ட் போன்ற சாதாரண அலங்காரத்துக்கும் இரண்டு அச்சுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டிய கட்டாயம். டோனட்டே வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் உங்கள் மேலாளர் அதைத்தான் கேட்பார் என்றால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாப்லோ பப்ளிக் என்ற இலவசப் பதிப்பில் பயிற்சி எடுக்கலாம். அங்கே வெளியிடுவது பொதுவெளிக்குப் போகும் என்பதால் அலுவலகத் தரவை ஏற்றக் கூடாது.

பவர் பிஐ

2015இல் மைக்ரோசாஃப்ட் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பவர் பிஐயில் விசைகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அவை சார்ட் போடும் இடத்தைவிடச் சூத்திரப் பட்டையில்தான் அதிகம். ஷிஃப்ட் + என்டர் புது வரிக்கு. ஆல்ட் + மேல் கீழ் அம்புக்குறி, வரியை நகர்த்துவதற்கு. அதோடு ஷிஃப்ட்டையும் சேர்த்தால் வரி நகலாகும். கன்ட்ரோல் + சாய்கோடு, வரியைக் குறிப்பாக மாற்றுவதற்கு. ஒரு பெயர் வரும் எல்லா இடங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கக் கன்ட்ரோல் + எஃப்2. இவை நிரலாளர் பயன்படுத்தும் எடிட்டரின் விசைகள். முதலில் மாடலையும் (அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைக்கும் அமைப்பையும்) சூத்திரத்தையும் ஒழுங்காகக் கட்டு, சார்ட் தன்னால் வரும் என்பது இதன் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தை ஏற்றுக்கொண்டவருக்குப் பலன் பெரிது. தரவைச் சுத்தம் செய்யும் பகுதியான பவர் குவெரியில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு சுத்திகரிப்பும் ஒரு படியாகப் பதிவாகும். அடுத்த மாதக் கோப்பு வந்ததும் ரெஃப்ரெஷ் கொடுத்தால் அத்தனை படிகளும் மறுபடி ஓடும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்கு வேறு எந்தக் குறுக்குவிசையும் இதற்கு ஈடாகாது.

சில குறிப்புகளை முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது. மாதங்கள் அகர வரிசையில் நின்றால், மாத எண் இருக்கும் நெடுவரிசையை வைத்துச் சார்ட் பை காலம் கொடுக்க வேண்டும் (இங்கே சார்ட் என்றால் வரிசைப்படுத்தல், வரைபடம் இல்லை; காலம் என்றால் நெடுவரிசை). விருப்பங்களில் ஆட்டோ டேட்/டைம் வசதியை அணைத்துவிட்டு ஒரே ஒரு தேதி அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். அணைக்காவிட்டால் ஒவ்வொரு தேதி நெடுவரிசைக்கும் பின்னால் மறைவாக ஓர் அட்டவணை உருவாகிக் கோப்பு வீங்கும். வெறும் கூட்டல்தானே என்று நினைக்காமல் அதற்கும் ஒரு மெஷர் (பெயர் வைத்த கணக்கீடு) எழுதிவிடுங்கள். பிறகு அதை மற்ற சூத்திரங்களில் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். வகுத்தலுக்கு டிவைட் சார்பு. பகுதி பூஜ்ஜியமானால் அது பிழை காட்டாமல் வெற்றிடம் தரும்.

ஒரு பட்டையைச் சொடுக்கும்போது பக்கத்தில் உள்ள சார்ட்டுகள் மங்கலாவது எரிச்சலாக இருந்தால், எடிட் இன்டராக்ஷன்ஸில் எது எதைப் பாதிக்கலாம் என்று தீர்மானிக்கலாம். பக்கம் மெதுவாகத் திறந்தால் பெர்ஃபார்மன்ஸ் அனலைசரை ஓடவிடுங்கள். எந்தப் படம் எத்தனை மில்லி விநாடி எடுக்கிறது என்று தனித்தனியாகச் சொல்லும். நிறங்களை ஒவ்வொரு படத்திலும் மாற்றிக்கொண்டிருக்காமல் ஒரு தீம் கோப்பில் எழுதிவைத்தால் எல்லா அறிக்கைக்கும் அதுவே போதும்.

பலவீனம்? டெஸ்க்டாப் பதிப்பு விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மேக் வைத்திருப்பவர் இந்த ஒரு வரியிலேயே முடிவெடுத்துவிடலாம். டெஸ்க்டாப்பை இலவசமாகப் பதிவிறக்கலாம். மற்றவர்களோடு பகிர ஆரம்பிக்கும்போதுதான் உரிமம் பற்றிய பேச்சு எழும். இதன் சூத்திர மொழியான டாக்ஸும் எக்ஸெல் சூத்திரம்போலத் தோற்றம் காட்டி ஏமாற்றும். ஒரே மெஷர், எந்த ஃபில்டருக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு எண் தரும். இது பிடிபடச் சில வாரமாவது ஆகும்.

ஒரே கேள்வி, மூன்று வழி

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ஒவ்வொரு மண்டலத்துக்குள்ளும் ஒவ்வொரு பொருளின் விற்பனைப் பங்கு எத்தனை சதவீதம்?

எக்ஸெல் பிவட்டில் எண்ணை வலச்சொடுக்கி ஷோ வேல்யூஸ் அஸ் பட்டியலில் பேரன்ட் ரோ டோட்டல் சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. டாப்லோவில் குவிக் டேபிள் கால்குலேஷன் கொடுத்து, எதன் வழியாகக் கணக்கிடுவது என்பதை மாற்ற வேண்டும். சொடுக்குகள் குறைவுதான், ஆனால் ஷீட்டின் அமைப்பை மாற்றினால் சதவீதமும் சத்தமில்லாமல் மாறிவிடும். பவர் பிஐயில் மொத்தத்தில் பங்கு என்றால் மெனுவிலேயே இருக்கிறது. மண்டலத்துக்குள் பங்கு என்றால் வழக்கமான வழி, கால்குலேட், ரிமூவ்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு சார்புகளைச் சேர்த்து ஒரு மெஷர் எழுதுவது. 2024இல் வந்த விஷுவல் கால்குலேஷன்ஸ் இதைச் சற்று எளிதாக்கியிருக்கிறது. ஆக முதல் விடை வருவதில் பவர் பிஐ கடைசி. ஆனால் எழுதிய மெஷரை எந்தப் பக்கத்தில் எந்தப் படத்தில் போட்டாலும் அதே வரையறைதான் நிற்கும். ஒரே எண்ணை நான்கு துறைகள் நான்கு விதமாகச் சொல்லும் அலுவலகத்தில் இந்தத் தாமதம் நியாயமானதே. தனியாக உட்கார்ந்து தரவைத் துருவுகிறவருக்கு அது வீண் சுமை. அவருக்கு நான் டாப்லோவைத்தான் கைகாட்டுவேன்.

அச்சு விஷயத்திலும் வேறுபாடு உண்டு. பட்டைச் சார்ட்டின் அச்சைப் பவர் பிஐயும் டாப்லோவும் இயல்பாகவே பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். எக்ஸெல், எண்கள் எல்லாம் நெருக்கமாக இருந்தால் அடிப்பகுதியைத் தானே வெட்டிவிடும்; சின்ன வித்தியாசம் மலைபோலத் தெரியும். எக்ஸெல்காரர்கள் கன்ட்ரோல் + 1 அழுத்திக் குறைந்தபட்ச எல்லையைப் பூஜ்ஜியம் என்று எழுதிவிட வேண்டும்.

மற்ற இரண்டு

லுக்கர் ஸ்டுடியோ (2022வரை கூகுள் டேட்டா ஸ்டுடியோ) உலாவியிலேயே ஓடும், இலவசம், ஒரு ஆவணத்தைப் பகிர்வதுபோலவே அறிக்கையைப் பகிரலாம். அதன் சிறந்த குறுக்குவழி, அறிக்கையை நகலெடுக்கும்போதே தரவு மூலத்தை மாற்றிக்கொள்வது: ஒரு வாடிக்கையாளருக்குச் செய்ததை அடுத்தவருக்குச் சில நிமிடங்களில் கொடுத்துவிடலாம். ஃபில்டரையோ தலைப்பையோ ரிப்போர்ட் லெவல் ஆக்கினால் எல்லாப் பக்கத்திலும் வரும். மெதுவாக இருந்தால் எக்ஸ்ட்ராக்ட் டேட்டா உதவும், 100 எம்பி எல்லைக்குள். தரவு ஏற்கெனவே கூகுள் ஷீட்டிலோ கூகுள் அனலிடிக்ஸிலோ இருக்கிறது, பார்ப்பவர்கள் பலர், கேள்விகள் சில என்றால் இது போதும். நுணுக்கமான கணக்கீட்டுக்கு இதை நம்ப வேண்டாம்.

நிரல் எழுதத் தயங்காதவருக்கு ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2, பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் போன்றவை. முதல் சார்ட்டுக்கு இவைதான் மிக மெதுவு. நாற்பதாவது சார்ட்டுக்கு இவைதான் மிக வேகம். 40 பிரிவுகளுக்கு ஒரே அளவில் 40 சிறு படங்கள் வேண்டுமானால் ஒரு ஃபேசெட் வரி (படத்தைப் பிரிவுவாரியாகப் பிரிக்கும் கட்டளை) போதும். ஆர் நிரல் எழுதும் ஆர்ஸ்டுடியோவில் கன்ட்ரோல் + என்டர், கர்சர் நிற்கும் கட்டளையை மட்டும் ஓட்டும். பைத்தான் எழுதும் ஜூபிட்டரில் எஸ்கேப் அழுத்தியபின் ஏ, பி விசைகள் மேலும் கீழும் செல் சேர்க்கும். சார்பின் பெயர்மேல் ஷிஃப்ட் + டேப், அதன் விளக்கத்தைக் காட்டும். அச்சுக்குப் போகும் படத்தை எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆகச் சேமித்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் விடுப்பில் போனால் அந்த நிரலை ஓட்ட வேறு யாராவது இருக்கிறார்களா?

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சிவப்பு–பச்சை ஜோடியை மட்டும் நம்பாதீர்கள். ஆண்களில் கணிசமானோருக்கு, ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 8 சதவீதம் பேருக்கு, அந்த இரண்டும் எளிதில் பிரிந்து தெரியாது. நீலம்–ஆரஞ்சு பாதுகாப்பான ஜோடி.

வாங்கும் முன் ஒரு சோதனை

நிறுவனங்கள் தரும் மாதிரித் தரவில் எல்லா மென்பொருளும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் சொந்தக் கோப்பில், போன மாதம் நீங்கள் உண்மையில் கொடுத்த அறிக்கையைச் செய்து பாருங்கள். முடித்ததும் மூலக் கோப்பில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டுப் புதுப்பியுங்கள். நடைமுறையில் இது எப்படியும் நடக்கப்போகிறது; யாரோ ஒருவர் "விற்பனை" என்பதை "மொத்த விற்பனை" என்று மாற்றிவைப்பார்.

எக்ஸெல் பிவட்டில் அந்த ஃபீல்டு சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். பவர் பிஐயில் ரெஃப்ரெஷ் நின்று, எந்த நெடுவரிசையைக் காணோம் என்று பெயரோடு சொல்லும். பவர் குவெரியில் அந்தப் படிக்குப் போய் ஒரு பெயரைத் திருத்தினால் போதும். லுக்கர் ஸ்டுடியோவில் படம் இருந்த இடத்தில் பிழைப் பெட்டி நிற்கும், அதையும் உங்களுக்கு முன்னால் வாடிக்கையாளர் பார்த்துவிடக்கூடும். நிரல், தடுக்கிய வரியைக் காட்டி நின்றுவிடும். டாப்லோவில் ஃபீல்டின் பக்கத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி வரும். வலச்சொடுக்கி ரீப்ளேஸ் ரெஃபரன்ஸஸ் கொடுத்துப் புதுப் பெயரைக் காட்டினால், அது பயன்பட்ட எல்லா ஷீட்டும் ஒரேயடியாகச் சரியாகிவிடும்.